கேம் ரிவ்யூ எழுத யாரும் பணம் கட்ட வேண்டாம்

போன வாரம் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். “தம்பி, எம் மவனுக்கு கேம் பத்திரிகையில எழுதுத வேல கெடச்சிருக்கு. பயிற்சிக்குன்னு ஆறாயிரம் கட்டியாச்சு. இப்ப இன்னும் நாலாயிரம் கேக்காங்க. கட்டலாமா?”

வேலை வந்தது டெலிகிராமில். வீட்டிலிருந்தபடியே விளையாடி ரிவ்யூ எழுதினால் மாதம் 40,000 ரூபாயாம். இந்த வருடம் எனக்கு வந்த நான்காவது போன் இது. பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு பன்னிரண்டு வருடமாக வெளிநாட்டு கேம் பத்திரிகைகளுக்கு எழுதுகிறவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். முதல் மூன்று பேரிடம் பொறுமையாகப் பேசினேன். இனி முடியாது, எழுதிவிடுகிறேன்.

கட்டாதீர்கள். பத்திரிகைதான் எழுதுகிறவருக்குப் பணம் தர வேண்டும். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், கேம் வாங்க முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது ஏமாற்று வேலை. ஏற்கெனவே கட்டியிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

பையன்கள் இதில் விழுவதற்குக் காரணம் ஒரு நம்பிக்கை. “அண்ணே, நான் பிஜிஎம்ஐ-ல கான்கரர். எனக்கு எழுத வராதா?” போனில் ஆடும் அந்தத் துப்பாக்கிச் சண்டை கேமில் உச்ச நிலையான கான்கரர் ஆனது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் எடிட்டருக்கு அது எதற்கு? நன்றாகச் சாப்பிடுகிறவனையெல்லாம் சமைக்கக் கூப்பிடுவதில்லையே. உங்கள் விரல் வேகத்தை வாசகன் படிக்க முடியாது. வாக்கியத்தைத்தான் படிப்பான்.

அடுத்து, ரிவ்யூதான் உள்ளே போகும் வாசல் என்கிறார்கள். புதியவர்களுக்கு அது பெரும்பாலும் மூடிய வாசல். பெரிய கேம் வெளிவருவதற்கு முன்பே அதன் பிரதி பத்திரிகை அலுவலகத்துக்குப் போய்விடும். இன்ன தேதிவரை வாய் திறக்கக் கூடாது என்ற எம்பார்கோவும் கூடவே போகும். அங்கே சம்பளத்துக்கு இருப்பவரோ பல வருடப் பழக்கமுள்ளவரோ எழுதிவிடுவார். நீங்கள் காசு கொடுத்து வாங்கி, முடித்து, மூவாயிரம் சொல் எழுதி அனுப்பும்போது அந்த இதழ் அச்சாகி முடிந்திருக்கும். வந்த ரிவ்யூவை எடிட்டர் திறந்துகூடப் பார்க்காதது உங்கள்மேல் உள்ள பகையால் அல்ல. அதற்கு அங்கே இடம் இல்லை.

அப்படியானால் எதை எழுதுவது? லண்டனில் இருப்பவருக்குக் கிடைக்காதது எது என்று யோசியுங்கள். டிவியில் மாட்டிய கேம் பெட்டி, அதில் செருகிய கேசட், மேலே ‘9999 இன் 1’ என்ற எழுத்து, உள்ளே கான்ட்ராவும் மாரியோவும். நிண்டெண்டோ 1983-இல் ஜப்பானில் விற்ற ஃபேமிகாம் என்ற கேம் கருவியின் நகல்தான் அந்தப் பெட்டி என்று தெரியாமலே நம் ஊர்ப் பிள்ளைகள் ஒரு தலைமுறை முழுக்க விளையாடினார்கள். வண்ணார்பேட்டை நெட் சென்டரில் ‘வைஸ் சிட்டி’ கேம் ஆட வரிசையில் நின்றோம். ‘ரெட்ரோ கேமர்’ என்ற பிரிட்டிஷ் பத்திரிகை 2004-இல் தொடங்கியதே பழைய கேம்களுக்காகத்தான். இப்படிப்பட்ட இதழ்களுக்கு வேண்டிய சரக்கு நம் தெருவில் கிடக்கிறது.

அதையும் முழுதாக எழுதி அனுப்ப வேண்டாம். இரண்டு பத்தி போதும்: என்ன கதை, யாரிடம் பேசப் போகிறீர்கள், ஏன் நீங்கள். இதைத்தான் பிட்ச் என்கிறோம். அனுப்பும் முன் அந்தப் பத்திரிகையின் இரண்டு இதழையாவது படியுங்கள். ஒரே பிட்ச்சை ஐந்து பேருக்கு ஒரே நாளில் தட்டிவிடாதீர்கள். ஏஐ எழுதியதை உங்கள் பெயரில் அனுப்பாதீர்கள், பிடிபட்டால் அந்தக் கதவு அதோடு சரி. சொல்லுக்கு எவ்வளவு, எப்போது தருவார்கள் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். அச்சான பிறகும் பணம் வர மாதங்கள் ஆகலாம். அமெரிக்க நிறுவனம் டபிள்யூ-8பென் படிவம் கேட்டால் பயப்பட வேண்டாம், நீங்கள் அந்நாட்டவர் இல்லை என்று சொல்லும் வரிப் படிவம் அது.

ரம்மி ஆப் பற்றி ‘கட்டுரை’ கேட்டு வருகிறவர்களை அண்டவிடாதீர்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு விளம்பரம் செய்வதையும் 2025-இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம் தடுக்கிறது.

படிப்பையோ வேலையையோ இதற்காக விட்டுவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். 1991-இல் தொடங்கிய ‘கேம் இன்ஃபார்மர்’ என்ற அமெரிக்க கேம் பத்திரிகை 2024 ஆகஸ்டில் ஒரே நாளில் மூடப்பட்டது. மறு வருடம் திரும்ப வந்தது என்றாலும், இடையில் அங்கிருந்தவர்கள் பட்ட பாடு பெரிது.

அந்த அம்மா போனை மகனிடம் கொடுத்தார். என்ன எழுத ஆசை என்று கேட்டேன். கால் ஆஃப் டியூட்டி ரிவ்யூ என்றான். வீட்டில் யாராவது டிவி கேம் வைத்திருந்தார்களா என்றேன். கல்லிடைக்குறிச்சியில் அவன் மாமா கோடை விடுமுறைக்கு அதை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டாராம், யார் எவ்வளவு நேரம் ஆடினார்கள் என்று எழுதிய நோட்டு இன்னும் பரணில் இருக்கிறதாம். அதை இறக்கிப் பார்த்து இரண்டு பத்தி எழுதி எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.