கேனோ என்பதற்குத் தமிழ்ச் சொல்: வள்ளம்

இரு முனையும் கூராக, மேல்பக்கம் திறந்து, ஒடுங்கி நீண்ட சிறு படகு கேனோ. இதில் போகிறவர் ஒற்றை அலகுத் துடுப்புப் போடுவார். காலை நீட்டி உட்கார்ந்து, இருபக்கமும் அலகுள்ள துடுப்புப் போட்டால் அது கயாக். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்ப வேண்டாம்.

கேனோ என்ற சொல் கரீபியன் தீவுகளின் தைனோ மக்களுடையது. 1492-இல் கொலம்பஸ் அங்கே போனபோது, பெருமரத்தைக் குடைந்து செய்த ஓடங்களை அவர்கள் ‘கனோவா’ என்று சொல்லக் கேட்டார். ஸ்பானியர் மூலம் அது மற்ற ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. வட அமெரிக்காவில் பிர்ச் மரப்பட்டையால் செய்த ஓடங்களும் பின்னால் அந்தப் பெயரையே பெற்றன.

சரி, தமிழில் என்ன சொல்வது? படகு பொதுப்பெயர். ஓடம் என்றதும் ஆற்றைக் கடத்திவிடும் ஓடம்தான் நினைவுக்கு வரும். தோணி அழகான சொல்தான். ஆனால் தூத்துக்குடியில் தோணி என்றால் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகும் பெரிய மரக்கலம். எனக்குப் பொருந்துவதாகப் படுவது வள்ளம். பழைய தமிழில் வள்ளம் என்பது உண்ணவும் பருகவும் உதவும் கிண்ணம், தானியம் அளக்கும் பாத்திரமும் கூட. உள்ளே குடைவான பொருள் என்ற கருத்து அதிலேயே இருக்கிறது. மரத்தைக் குடைந்த ஓடத்துக்கும் அதுவே பெயர். குமரி மாவட்டத்திலும் இலங்கையிலும் மீனவர்கள் இன்றைக்கும் வள்ளம் என்றுதான் சொல்கிறார்கள். உயிரோடு இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை ஏன் உருவாக்க வேண்டும்?

வீட்டிலேயே வள்ளம் செய்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் போகிறார்கள். சீடர் போன்ற இலேசான மரத்தை ஆறு மில்லிமீட்டர் கனத்தில் மெல்லிய ரீப்பர்களாக அறுத்து, அச்சுகளின் மேல் ஒவ்வொன்றாக ஒட்டி, உள்ளும் புறமும் கண்ணாடி இழைத்துணியும் எபாக்சி என்ற இறுகும் பசையும் பூசுவது ஒன்று. இதை ரீப்பர் வள்ளம் எனலாம். ‘பட்டை வள்ளம்’ என்றால் பிர்ச் பட்டையோடு குழம்பிவிடும்.

மற்றொன்று எனக்கு மிகவும் பிடித்தது. தண்ணீரைத் தாங்கும் மரைன் பிளைவுட்டைப் பலகைகளாக வெட்டி, விளிம்பில் துளையிட்டு, செப்புக்கம்பியால் தைப்பார்கள். தைத்து இறுக்கியதும் தட்டைப் பலகை வளைந்து வள்ளத்தின் வடிவம் தானாகவே வந்துவிடும். அப்புறம் மூட்டுகளில் மரத்தூள் கலந்த எபாக்சியை நிரப்பி, கண்ணாடி இழை நாடா ஒட்டுவார்கள். 1960-களில் இங்கிலாந்தில் வந்த மிரர் என்ற சிறு பாய்ப்படகுதான் இந்த முறையை வீடுகளுக்குள் கொண்டுவந்தது.

பலகையைத் தைப்பது நம் கரைக்குப் புதிதல்ல. துறைமுகம் வரும் முன் சென்னையில் அலை தாண்டிப் பயணிகளைக் கரை சேர்த்த மசூலா படகுகள் கயிற்றால் தைத்தவை. கேரளத்தின் கெட்டுவள்ளமும் பலகைகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியதுதான். மலையாளத்தின் ‘கெட்டு’ நம் கட்டுமரத்தில் உள்ள அதே ‘கட்டு’. அவற்றில் கயிறு கடைசிவரை இருக்கும். பிளைவுட் வள்ளத்திலோ பசை இறுகியதும் கம்பியை உருவியோ நறுக்கியோ எடுத்துவிடுவார்கள். ஆனாலும் வடிவம் தருவது தையல்தான். ஆகவே இதற்குத் தையல் வள்ளம் என்றே பெயர் வைக்கலாம்.