கிரெலின் ரிப்போர்ட்டில் என்ன பார்க்க வேண்டும்?

"பசி ஹார்மோன் ஏறிப்போச்சு, அதனாலதான் எடை கூடுது" என்று, பசியைத் தூண்டும் ஹார்மோனான கிரெலினின் ரிப்போர்ட்டோடு வருகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் நிலைமை நேர்மாறு. பருமனானவர்களுக்கு வெறும் வயிற்றில் கிரெலின் குறைவாகவே இருக்கும். சாப்பாட்டைக் குறைத்து எடை இறங்கும்போதுதான் அது ஏறும். அடங்காப் பசியை உண்டாக்கும் பிராடர்–வில்லி என்ற மரபணு நோய்க்குறி போன்றவை விதிவிலக்கு.

கிரெலின் முக்கியமாக இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது. 1999-இல் ஜப்பானின் கோஜிமா, கங்காவா குழுவினர் கண்டறிந்த இதில் 28 அமினோ அமிலங்கள். மூன்றாவதாக நிற்கும் செரினில் எட்டு கார்பன் கொண்ட கொழுப்பு அமிலம் ஒன்று ஒட்டியாக வேண்டும். கோட் என்ற நொதி அதை ஒட்டுகிறது. கொழுப்பு ஒட்டாத கிரெலினால் பசி ஏற்பியை (ஹார்மோன் வந்து பொருந்தும் செல் புரதத்தை) முடுக்க முடியாது. ஆனால் ரத்தத்தில் ஓடுவதில் பெரும்பங்கு அந்த வகைதான்!

ஏற்பி, செல் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் 366 அமினோ அமிலப் புரதம். அதன் குழிக்குள் ஹார்மோனின் தொடக்க முனை இறங்குகிறது. முதல் நாலைந்து அமினோ அமிலங்களும் அந்தக் கொழுப்பும் இருந்தாலே போதும், ஏற்பி முடுக்கப்படும். ஏற்பியின் 124-ஆம் இடத்து அமினோ அமிலமான குளுட்டமேட்டும் 283-ஆம் இடத்து ஆர்ஜினினும் எதிரெதிர் மின்னூட்டத்தால் பற்றிக்கொண்டு குழியை இரண்டாகத் தடுப்பது 2020-இல் வெளியான படிக அமைப்பில் தெரிந்தது. ஹார்மோன் பொருந்தியதும், சவ்வை ஊடுருவும் ஏழு சுருள்களில் ஆறாவதன் உள்முனை விலக, சைகையைச் செல்லுக்குள் கடத்தும் ஜி-புரதம் அங்கே வந்து சேருகிறது. ஃபாஸ்போலைபேஸ்-சி என்ற நொதி வேலை செய்து, செல்லுக்குள் கால்சியம் எகிறுகிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உள்ள பசி நியூரான்கள் துடிப்பாகின்றன.

பூட்டு–சாவி விளக்கம் இங்கே முழுதாகப் பொருந்தாது. சாவியான ஹார்மோனே இல்லாதபோதும் இந்த ஏற்பி தன் உச்சத்தில் ஏறக்குறைய பாதி அளவுக்கு இயங்கிக்கொண்டிருக்கும். அந்த இயல்பு இயக்கத்தைக் கெடுக்கும் மரபணு மாற்றம் குள்ளமான சிலரிடம் கண்டறியப்பட்டுள்ளது. கல்லீரல் சுரக்கும் லீப்-2 என்ற ஹார்மோன் இதே ஏற்பியில் அமர்ந்து அதை அடக்குகிறது. ஆகவே கிரெலின் எண் ஒன்றை மட்டும் வைத்துப் பசியை அளக்க முடியாது.

அந்த எண்ணும் எளிதில் கெட்டுப்போகும். ரத்தம் எடுத்த கையோடு எஸ்டரேஸ் என்ற நொதிகள் கிரெலினில் ஒட்டிய கொழுப்பைக் கழற்றத் தொடங்கிவிடும். குளிரூட்டிய இடிடிஏ (ரத்தம் உறையாமல் காக்கும் பொருள்) குழாயில், அந்த நொதிகளைத் தடுக்கும் பொருளோடு எடுக்க வேண்டும். 4 டிகிரியில் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, ஒரு மில்லிக்கு 100 மைக்ரோலிட்டர் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, −80 டிகிரியில் வைக்க வேண்டும். சாதாரணக் குழாயில் அறை வெப்பத்தில் மணிக்கணக்கில் கிடந்த ரத்தத்தில் வரும் 'குறைவு' உடலில் உள்ள குறைவு அல்ல.

'கிரெலின் பிளாக்கர்' என்று ஆன்லைனில் விற்கும் மாத்திரைகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். எடை குறைப்புக்கென ஒப்புதல் பெற்ற கிரெலின் தடுப்பு மருந்து இல்லை. ஒப்புதல் கிடைத்தது எதிர்த்திசை மருந்துக்கு: இந்த ஏற்பியை முடுக்கும் அனமோரெலினை, புற்றுநோயால் உடல் உருகுபவர்களுக்காக 2021-இல் ஜப்பான் அனுமதித்தது.

ஏற்கெனவே டெஸ்ட் எடுத்தாயிற்று என்றால் லேபில் மூன்று கேள்வி கேளுங்கள்: அளந்தது மொத்தக் கிரெலினா, கொழுப்பு ஒட்டியதா? ரத்தம் எடுத்தது வெறும் வயிற்றிலா? அமிலம் சேர்த்தார்களா?