கழுத்துக் கறுப்பு அழுக்கு இல்லை

பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற, உடம்பு கொஞ்சம் பருமனான பிள்ளைகள் சிலருக்குப் பின்கழுத்தில் கறுப்பாக ஒரு பட்டை தெரியும். தொட்டால் சுற்றியுள்ள தோலைவிடத் தடிப்பாக, மெத்தென்று இருக்கும். அக்குளிலும் வரும். "ஒழுங்கா தேய்ச்சுக் குளிக்கிறியா இல்லையா?" என்று வீட்டில் திட்டு விழும். பீர்க்கங்காய் நார், கடலை மாவு, எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டுத் தேய்ப்பார்கள். தோல் சிவந்து எரியுமே தவிர, கறுப்பு போகாது. பையன் சட்டைக் காலரை ஏற்றிவிட்டுக்கொள்வான். பெண் துப்பட்டாவைக் கழுத்தோடு சுற்றிக்கொள்வாள். வகுப்பில் கடைசி பெஞ்சுதான் அவர்களுக்குப் பிடிக்கும், அங்கே பின்னாலிருந்து யாரும் பார்க்க முடியாது.

அது அழுக்கு இல்லை. மருத்துவத்தில் அதற்கு அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர். சாப்பாட்டிலிருந்து ரத்தத்தில் சேரும் சர்க்கரையைத் தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் அனுப்பிவைப்பது இன்சுலின். வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரச் சேர, செல்கள் இன்சுலினின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. கணையம் விடாமல் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. இப்படி மிதமிஞ்சி ஓடும் இன்சுலின், தோல் செல்களை வளரத் தூண்டும் ஏற்பிகளிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. தோல் தடிக்கிறது, நிறம் கூடுகிறது. ஆக, உள்ளே சர்க்கரைக் கணக்கு தடுமாறுவதை வெளியே காட்டும் அடையாளம் அது. அந்தப் பிள்ளைக்குத் தேவை ஒரு ரத்தப் பரிசோதனை. கிடைப்பது வசவு. உடம்பின் நோயும் மனதின் நோயும் ஒரே பிள்ளைக்குள் எப்படிச் சேர்ந்து வளர்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வயதுக்கு வரும் பருவத்தில் வளர்ச்சி ஹார்மோன் கூடுவதால், ஒல்லியான பிள்ளைகளுக்கும் இன்சுலினின் வேகம் தற்காலிகமாகக் குறையும். அதோடு நம் நாட்டு உடல்வாகும் சேர்ந்துகொள்கிறது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் தங்கள் உடம்பையே அளந்து 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றுதான், 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். அதனால்தான் இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கத்தின் 2015 வளர்ச்சி அட்டவணை, அதிக எடைக்கும் பருமனுக்கும் பெரியவர்களின் 25, 30 என்ற உலகளாவிய பி.எம்.ஐ. அளவுக்குப் பதிலாக 23, 27 என்பதையே எல்லையாக வைத்திருக்கிறது. "லேசாப் பூசினாப்ல இருக்கான், அவ்வளவுதான்" என்று தாத்தா பாட்டி சொல்லும் உடம்பிலும் உள்ளே சிக்கல் தொடங்கியிருக்கலாம்.

சரி, "வாயைக் கட்டினா போதாதா?" என்று கேட்பவர்களுக்கு வருவோம். பசியும் திருப்தியும் மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற சின்னப் பகுதியில் தீர்மானமாகின்றன. கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனை அனுப்பி "இருப்பு போதும்" என்று அங்கே தகவல் சொல்லும். 1994-இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு இதைக் கண்டுபிடித்தபோது, லெப்டின் ஊசி போட்டால் எல்லோரும் இளைத்துவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. நடந்தது வேறு. பருமனான பெரும்பாலானவர்களின் ரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே அதிகமாகவே இருந்தது. ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது தெருவில் விடிய விடிய ஸ்பீக்கர் பாடினால், கொஞ்ச நேரத்தில் காது அதைக் கவனிப்பதையே விட்டுவிடுகிறதல்லவா? மூளையும் லெப்டினுக்கு அப்படித்தான் பழகிப்போகிறது. இன்னொரு பக்கம், பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் லெப்டின் சட்டென்று இறங்கும், வயிற்றில் சுரக்கும் பசி ஹார்மோனான கிரெலின் ஏறும். அந்தப் பிள்ளைக்கு எடுக்கும் பசி நிஜமான பசி. மனவுறுதி இல்லாதவன் என்று அவனைச் சொல்வது அநியாயம்.

கேலியின் கதை இன்னும் கொடுமை. குண்டு, தடியன், பூசணிக்காய் என்று பள்ளியில் ஆரம்பித்து, கல்யாண வீட்டில் "என்னடி இவ்வளவு வெயிட் போட்டுட்டே?" என்று கேட்கும் அத்தை வரைக்கும் அது நீள்கிறது. அவமானப்படும்போது அட்ரீனல் சுரப்பி கார்டிசாலை வெளியிடுகிறது. ஆபத்திலிருந்து தப்பிக்க உதவும் ஹார்மோன்தான் அது. ஆனால் அவமானம் தினமும் நடந்தால் கார்டிசாலும் தினமும் ஏறும். அது இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் தேட வைக்கும். கொழுப்பைக் கொண்டுபோய் வயிற்றுக்குள் சேர்க்கும். இன்சுலினின் வேலையையும் கெடுக்கும். சாயங்காலம் பேக்கரியில் ஒரு பப்ஸும் கிரீம் பன்னும் சாப்பிட்டால் மனது கொஞ்சம் ஆறுவது உண்மைதான், மூளையின் வெகுமதிச் சுற்று அப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் அந்த ஆறுதல் நீடிக்காது.

அமெரிக்காவில் 110 சிறுவர் சிறுமியரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியான ஆய்வில், எடைக்காக அதிகம் கேலி செய்யப்பட்டவர்களுக்கு, கேலிக்கு ஆளாகாதவர்களைவிட பி.எம்.ஐ. ஆண்டுதோறும் 33 சதவீதம் வேகமாக ஏறியது தெரியவந்தது. "திட்டினாத்தான் ரோஷம் வந்து இளைப்பான்" என்ற நினைப்புக்கு நேர் எதிரான விடை இது.

கொழுப்புத் திசு சும்மா கிடக்கும் மூட்டையும் அல்ல. அது பெருகும்போது நோய் எதிர்ப்புச் செல்கள் அதற்குள் புகுந்து, அழற்சியை உண்டாக்கும் வேதிப்பொருள்களை விடாமல் கசியவிடுகின்றன. காய்ச்சல் வந்தால் யாரோடும் பேசப் பிடிக்காமல் சுருண்டு படுக்கிறோமே, அப்போது மூளையில் வேலை செய்பவையும் இதே வகைப் பொருள்கள்தான். இங்கே அவை மிதமான அளவில், ஆனால் மாதக்கணக்கில் இருக்கின்றன. சோர்வும் எதிலும் நாட்டமின்மையும் வர இதுவும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பருமனா, மனச்சோர்வா, எது முதலில் வருகிறது என்று பிரிப்பதும் கடினம். வளரிளம் பருவத்தினரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வந்த பகுப்பாய்வில், மனச்சோர்வு உள்ளவர்கள் பின்னாளில் பருமனாகும் வாய்ப்பு 70 சதவீதமும், பருமனானவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு 40 சதவீதமும் கூடுதலாக இருந்தன.

அப்புறம் தூக்கம். எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மார்க்குக்குப் பேர்போன விடுதிப் பள்ளிகள் உண்டு. விடியற்காலையே எழுப்பிவிடுவார்கள், படிப்பு முடியப் பின்னிரவாகும். பதின்வயதில் தூக்க ஹார்மோனான மெலடோனின் சுரப்பதே தாமதம் என்பதால், சீக்கிரம் படு என்றாலும் தூக்கம் வராது. சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவு 4 மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டுப் பார்த்தார்கள். நன்றாகத் தூங்கவிட்ட நாட்களோடு ஒப்பிட்டால் லெப்டின் 18 சதவீதம் குறைவு, கிரெலின் 28 சதவீதம் அதிகம். கூடவே சில பருமனான பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் மூச்சுக்குழாய் அடைபட்டுக் குறட்டையும் மூச்சுத்தடையும் வரும். மறுநாள் வகுப்பில் தூங்கி வழிபவனுக்குக் கிடைக்கும் பட்டம், சோம்பேறி.

பெண் பிள்ளைகளுக்குக் கூடுதல் சுமை ஒன்று இருக்கிறது. அதிக இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன்களைச் சுரக்க வைக்கும். மாதவிலக்கு தள்ளிப்போகும், முகத்தில் ரோமமும் பருவும் வரும். பி.சி.ஓ.டி. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பதற்றமும் மனச்சோர்வும் இவர்களிடம் அதிகம். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்பது பொய்.

என்ன செய்யலாம்? நடந்தாலோ ஓடினாலோ, சுருங்கும் தசை இன்சுலினின் உதவி இல்லாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். எடை ஒரு கிலோகூடக் குறையாத நிலையிலும் இந்தப் பலன் உண்டு, மனச்சோர்வும் தணியும். இந்த வயதுக்குத் தினம் சராசரி 60 நிமிட ஆட்டம் ஓட்டம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே என்னைக் கேட்டால், பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வதை முதலில் நிறுத்த வேண்டும். சாப்பாட்டில், நம் பக்கத்துக் களி நல்லதுதான், ஆனால் கேழ்வரகும் மாவுச்சத்துதான். உருண்டையைச் சிறிதாக்கி, கீரைக் கடைசலையும் அவரைக் குழம்பையும் கூட்டிக்கொண்டால் பலன் தெரியும். பிள்ளைக்கு மட்டும் தனித் தட்டு வைக்கக் கூடாது, வீடே ஒரே சாப்பாட்டுக்கு மாற வேண்டும். உயரம் ஏறும் வயதில் எடை ஏறாமல் நின்றாலே அது முன்னேற்றம்தான்.

கழுத்துக் கறுப்பு தெரிந்தால் குழந்தைகள்நல மருத்துவரிடம் காட்டுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு இடத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, கல்லீரல் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லும்போதே, பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து மனநிலையைப் பற்றியும் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சோகமாகவே இருப்பது, நண்பர்களை விட்டு விலகுவது, ரகசியமாக அள்ளி அள்ளிச் சாப்பிடுவது, சாப்பிட்டதை வலியக் கக்குவது, இவற்றில் எதைப் பார்த்தாலும் தள்ளிப்போட வேண்டாம். "செத்துப்போயிடலாம்போல இருக்கு" என்று சொன்னால் அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாமல், தனியே விடாமல், அன்றைக்கே கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். பிள்ளையே நேரடியாகவும் கூப்பிடலாம்.