கண்ணாடி போட்டா காது ஏன் நல்லா கேக்குது?

"கண்ணாடிய எடுத்துட்டு வாடா, நியூஸ்ல என்ன சொல்றான்னே கேக்கல"ன்னு எங்க பாட்டி சொன்னா வீடே சிரிக்குது, இதுல ஏதாவது சயின்ஸ் இருக்கான்னு ஒரு காலேஜ் தம்பி கேட்டிருந்தாரு. இருக்குங்க. பாட்டி சொல்றது கரெக்ட்.

சத்தம் காதுக்குள்ள போய் செவிப்பறை அதிர்ந்து நரம்பு வழியா மூளைக்குப் போற கதையெல்லாம் ஸ்கூல்லயே படிச்சாச்சு, அத விட்ருவோம். விஷயம் என்னன்னா, பேச்சுன்னு வந்துட்டா மூளை காதை மட்டும் நம்பாது, பேசுறவங்க வாயையும் பாத்துக்கிட்டே இருக்கும். 1954லயே சம்பி, பொல்லாக்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க இத அளந்து பாத்துட்டாங்க, இரைச்சல் ஏற ஏற முகத்தைப் பாக்குறதால வர்ற லாபமும் ஏறுது.

ஆனா எனக்கு ரொம்ப புடிச்சது 1976ல மெக்கர்க், மெக்டொனால்டுன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க நேச்சர்ங்கிற சயின்ஸ் பத்திரிகைல எழுதினது. இங்கிலாந்துல சர்ரே யுனிவர்சிட்டில இருந்தவங்க. ஒரு ஆளு "கா கா"ன்னு சொல்ற வீடியோ (கவர்மென்ட்ல வர்ற க), அதுக்கு மேல "பா பா"ங்கிற சத்தத்தை டப் பண்ணி வச்சாங்க (பஸ்ல வர்ற ப). பாத்தவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு மேல கேட்டது ரெண்டும் இல்ல, "டா டா"! டாக்டர்ல வர்ற டா.

எங்கிருந்து வந்துச்சு இந்த டா? ப சொல்லணும்னா உதடு ஒட்டியே ஆகணும், வேற வழியே கிடையாது. வீடியோல உதடு ஒட்டல, அதனால இது ப இல்லன்னு கண்ணு உறுதியா சொல்லுது. காதோ இது க மாதிரி இல்லையேங்குது. சரி, உதடும் ஒட்டக்கூடாது, சத்தமும் ப-வுக்குக் கிட்டத்துல இருக்கணும், அப்படி என்ன இருக்குன்னு பாத்தா நாக்கு மேல போய்த் தட்டுற ட தான் ரெண்டுக்கும் ஒத்து வருது, சண்டைய தீத்து வைக்கிற பஞ்சாயத்து மாதிரி மூளை அதையே தீர்ப்பா சொல்லிடுது. இதுல அழகு என்னன்னா நமக்கு பஞ்சாயத்து நடந்ததே தெரியாது, தீர்ப்பு மட்டும் சத்தமா கேக்குது. கண்ண மூடுனா பா, தொறந்தா மறுபடி டா. ட்ரிக் தெரிஞ்சாலும் மாறாது. சிலருக்கு மட்டும் இது வேலை செய்யாது, அவங்க காதை மட்டும் நம்புற பார்ட்டி.

இதையே உல்ட்டாவா, சத்தம் கா, வாய் பா-ன்னு வச்சா நிறைய பேருக்கு "ப்கா", "காபா"ன்னு ரெண்டும் சேந்து கேக்கும், ஏன்னா உதடு ஒட்டுனத கண்ணு பாத்துருச்சு, அத இல்லன்னு ஒதுக்க முடியாது. நல்ல டப்பிங் ரைட்டர்ஸ் உதடு மூடுற இடமா பாத்து ப, ம வர்ற வார்த்தையா தேடிப் போடுறது இதனாலதான்.

கொழந்தைங்க எப்படி பேச்சைப் புரிஞ்சுக்குறாங்கன்னு ஆராய்ச்சி பண்ணப் போன இடத்துல தற்செயலா சிக்குனது இது. "இதால நாட்டுக்கு என்ன லாபம்"னு கேட்டு ஃபண்ட நிறுத்துற ஆளுங்க கைல மாட்டியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்.

இந்தப் பஞ்சாயத்து நடக்குற இடம் கன்னப்பொட்டுக்குக் கொஞ்சம் பின்னாடி, மூளையோட பக்கவாட்டுல ஓடுற ஒரு நீளமான மடிப்பு. அங்கதான் கண்ணுல வர்றதும் காதுல வர்றதும் சந்திக்குது. 2010ல இடது பக்கத்துல அந்த இடத்துக்கு நேரா மண்டைக்கு வெளிய இருந்து காந்த அலை கொடுத்து ஒரு நொடிக்கும் கம்மியா அத தடுமாற வச்சுப் பாத்தாங்க. அந்த நேரத்துல அதே வீடியோவ போட்டா டா கேக்குறது நல்லாவே கொறஞ்சு போச்சு.