பதிவான ஆர்கனில் இல்லாத ஸ்டாப்பைச் சேர்ப்பது எப்படி?

ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் கதீட்ரலில் காட்ஃப்ரீட் சில்பர்மான் 1714-இல் கட்டி முடித்த பைப் ஆர்கன் (குழாய்களில் காற்றை ஊதி ஒலிக்கும் கருவி) இன்றும் ஒலிக்கிறது. அதன் விசைப்பலகையில் இடது கோடியில் சி உண்டு, டி உண்டு, இரண்டுக்கும் நடுவே வர வேண்டிய சி ஷார்ப் கிடையாது. அந்தக் காலத்து இசையில் அந்தச் சுரத்துக்கு வேலை குறைவு. பெரிய குழாய்களுக்கு ஆகும் உலோகமும் மிச்சம்.

இப்படிப்பட்ட பழைய ஆர்கன்களைக் குழாய் குழாயாக ஒலிப்பதிவு செய்து, கணினியில் ஏற்றி, கணினியோடு இணையும் மிடி கீபோர்டில் வாசிக்கிறார்கள். ஹாப்ட்வெர்க், கிராண்ட்ஆர்க் போன்ற மென்பொருள்கள் இதற்கென்றே இருக்கின்றன. வாசிக்க ஆரம்பித்தவருக்குச் சீக்கிரமே ஓர் ஆசை வந்துவிடும். அந்த சி ஷார்ப்பைச் சேர்த்துவிடலாமா? கூடவே புதிதாக ஒரு ஸ்டாப்பும் சேர்க்கலாமா?

ஸ்டாப் என்பது ஒரே குரல் கொண்ட குழாய்களின் வரிசை. பொதுவாக விசைக்கு ஒரு குழாய். 8 அடி ஸ்டாப் என்றால் அதன் மிகத் தாழ்ந்த சி, ஏறக்குறைய 8 அடி நீளமுள்ள திறந்த குழாய். அதிர்வெண் சுமார் 65 ஹெர்ட்ஸ். 4 அடி ஸ்டாப் அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, 16 அடி ஒரு ஸ்தாயி கீழே.

சரி, 8 அடிப் பதிவுகளை இரட்டை வேகத்தில் ஓட்டினால் 4 அடி ஸ்டாப் கிடைத்துவிடாதா? சுருதி கிடைக்கும், குரல் கெட்டுப்போகும். பதிவில் குழாயோடு மண்டபமும் சேர்ந்தே இருக்கிறது. விசையை விட்ட பிறகு 5 விநாடி நீடித்த கார்வை, இரட்டை வேகத்தில் இரண்டரை விநாடியில் முடிந்துவிடும். பக்கத்து ஸ்டாப்புகள் பெரிய கதீட்ரலிலும், புதியது மட்டும் ஏதோ சின்ன அறையிலும் ஒலிப்பதுபோல் ஆகிவிடும்.

குழாயின் பருமனிலும் சிக்கல் இருக்கிறது. வேகத்தை இரட்டிப்பாக்குவது, குழாயின் நீளம், விட்டம் எல்லாவற்றையும் பாதியாக்குவதற்குச் சமம். ஆர்கன் கட்டுபவர்கள் அப்படிச் செய்வதில்லை. 19ஆம் நூற்றாண்டில் யோஹான் கோட்லோப் டோப்ஃபர் வகுத்த அளவுமுறையில், ஒரு ஸ்தாயி ஏறும்போது நீளம் பாதியானாலும் விட்டம் சுமார் 1.68-ஆல்தான் வகுபடும். விட்டம் பாதியாக 16 அரைச்சுரங்கள் ஏற வேண்டும். அதனால் வேகமாக ஓட்டிய பதிவு, அந்தச் சுருதிக்கு இருக்க வேண்டியதைவிட மெலிந்த குழாயின் கீச்சுக்குரலாகக் கேட்கும்.

நல்ல வழி, இருக்கிற குழாய்களைத் தள்ளிவைப்பது. கீழ் சி விசைக்கு, அதே வரிசையில் ஒரு ஸ்தாயி மேலே உள்ள குழாயைக் கொடுத்துவிடலாம். பதிவின் வேகத்தைத் தொடவே வேண்டாம். உச்சியில் கடைசி 12 விசைகளுக்குத்தான் குழாய் தீர்ந்துபோய், வேகத்தைக் கூட்ட வேண்டிவரும்.

ஆனால் ஒரே குழாய் இப்போது இரண்டு இடத்தில் வேலை செய்கிறது. 8 அடியையும் 4 அடியையும் திறந்துவைத்து இரண்டு சி விசைகளைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். மேல் சி-யின் பதிவு இருமுறை ஓடும். இரண்டு அலைகளும் அச்சொட்டாகப் பொருந்தினால் ஒலி 6 டெசிபல் ஏறும். தனித்தனிக் குழாய்களாக இருந்தால் 3 டெசிபல்தான் ஏறியிருக்கும். சற்றுப் பிசகினால் ஒன்றை ஒன்று தின்று, ஓட்டையாகக் கேட்கும். கிராண்ட்ஆர்க்கின் ஆர்கன் வரையறைக் கோப்பு வெறும் உரைக்கோப்புதான். அதில் குழாயின் இடத்தில் 'ரெஃப்' என்று எழுதி இன்னொரு ஸ்டாப்பின் குழாயைக் காட்டினால், அது ஒருமுறைதான் ஒலிக்கும். அப்போது ஒரு சுரம் காணாமல் போகும்.

இரண்டுக்கும் அழகான மாற்று உண்டு. சி-க்கு சி குழாயை எடுக்காமல், பக்கத்து சி ஷார்ப் குழாயை எடுத்து ஓர் அரைச்சுரம் இறக்க வேண்டும். இவ்வளவு சிறிய மாற்றத்தில் குரலோ கார்வையோ கெட்டது காதுக்குத் தெரியாது. ஆனால் அது வேறொரு குழாய், அதன் காற்றுச் சீறலும் தொடக்கமும் வேறு. சில்பர்மானின் விடுபட்ட சி ஷார்ப்புக்கும் இதே வைத்தியம்தான்: டி குழாயை அரைச்சுரம் இறக்கினால் போதும்.

வாக்ஸ் செலஸ்ட் ஸ்டாப்பையும் இப்படிச் செய்யலாம். 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஆர்கன்களின் அந்த அலையும் குரல், சற்றே சுருதி விலகிய இரண்டு வரிசைகள் சேர்ந்து ஒலிப்பதால் வருவது. காம்பா என்ற மெல்லிய குழாய் வரிசையின் பக்கத்துக் குழாய்களை எடுத்து, அரைச்சுரம் இறக்கி, சில சென்ட் கூட்டிவைக்க வேண்டும் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). 440 ஹெர்ட்ஸில் 5 சென்ட் விலகினால் விநாடிக்கு 1.3 அலைப்பு. அதே 5 சென்ட்டை மேலே வரை வைத்தால் ஸ்தாயிக்கு ஸ்தாயி அலைப்பு இரட்டிக்கும், நடுக்கமாகிவிடும். ஆகவே ஏற ஏற விலகலைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். எவ்வளவு என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

பின்ன அடி ஸ்டாப்புகளில் கணக்கு இன்னும் நுட்பம். 1⅗ அடி ஸ்டாப் 8 அடியின் ஐந்தாவது இசையம், அதாவது அதன் அதிர்வெண்ணில் ஐந்து மடங்கு. 28 அரைச்சுரம் தள்ளியுள்ள குழாயை எடுத்து அப்படியே வைத்தால், அரைச்சுரங்கள் எல்லாம் சமமாக உள்ள சுருதியமைப்பில் அது 14 சென்ட் கூடுதலாக நின்று, மற்றக் குரல்களோடு கரையாமல் துருத்தும். 14 சென்ட் குறைத்துவிட்டால் கரைந்துவிடும்.

அப்புறம் காலால் வாசிக்கும் பெடல் விசைகளுக்கு 32 அடி. அதன் கீழ் சி 16 ஹெர்ட்ஸ். 16 அடிப் பதிவைப் பாதி வேகத்தில் ஓட்டினால் கார்வை இருமடங்கு நீளும், குரல் மந்தமாகிவிடும். ஆர்கன் கட்டுபவர்கள் இடமும் பணமும் இல்லாதபோது செய்வதையே இங்கும் செய்யலாம். 16 அடியோடு 10⅔ அடியைச் சேர்த்து ஒலிக்கவிட்டால், 33 ஹெர்ட்ஸும் 49 ஹெர்ட்ஸும் சேர்ந்து 16 ஹெர்ட்ஸ் இருப்பதாகக் காதை நம்பவைக்கும். 10⅔ அடிக்கு, 16 அடி வரிசையிலேயே 7 அரைச்சுரம் மேலே உள்ள குழாயை எடுத்து, 2 சென்ட் ஏற்றி, ஒலியைச் சற்றுக் குறைத்தால் போதும். இதுவும் கீழே உள்ள 12 விசைகளுக்கு மட்டுமே தேவை. 13ஆவது விசையிலிருந்து 16 அடியின் சொந்தக் குழாய்களே வரிசையாகக் கிடைத்துவிடும்.