ஜீப்பை லெஃப்ட் ஹேண்டாக மாற்றலாமா? பட்டறைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறேன். ரைட் ஹேண்ட் ஸ்டியரிங்கோடு தயாராகி, அப்படியே பதிவான ஜீப்பை லெஃப்ட் ஹேண்டாக மாற்றி இந்தியச் சாலையில் ஓட்டச் சட்டத்தில் வழி இல்லை. "ஆர்.டி.ஓ. ஆபீஸில் நம்ம ஆள் இருக்கார், பார்த்துக்கலாம்" என்று பட்டறைக்காரர் சொல்வார். அந்த ஆளின் பெயர் ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், இல்லை. உங்கள் பெயர்தான் இருக்கிறது.

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று எனக்கும் தெரியும். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப் லெஃப்ட் ஹேண்ட் வண்டி. அந்தத் தோற்றம் வேண்டும் என்று பழைய மஹிந்திரா ஜீப்பை வாங்கி, பாடியை வெட்டி, ஸ்டியரிங்கை இடப்பக்கம் கொண்டுபோகிறார்கள். மனதுக்குப் பிடித்த வண்டியை ஆசையாகச் செய்வதில் தப்பில்லை. ஆனால் செலவு செய்து முடித்த பிறகு அது காவல் நிலைய வாசலில் வெயிலில் காய்வதைப் பார்க்கும்போது எரிச்சல் வருகிறது. ஏனென்றால் யாருமே அவர்களிடம் முன்கூட்டி உண்மையைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சட்டம் இவ்வளவுதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. எரிவாயு, மின்சாரம் போன்ற மாற்று எரிபொருளுக்கு அங்கீகரித்த கிட் பொருத்துவது, மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாற்றியமைப்பது என்று சில விலக்குகள் மட்டும் உண்டு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை இறுக்கிச் சொல்லிவிட்டது. நிறம் மாற்றலாம், சின்னச் சின்னப் பொருத்துகள் செய்யலாம், அடிப்படை அமைப்பில் கை வைக்கக் கூடாது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் பிரிவு 182ஏவைப் புதிதாக மாற்றி எழுதினார்கள். அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்பதைக் கவனியுங்கள். ஸ்டியரிங் பாக்ஸ் இடம் மாறினால் பெடல், பிரேக் மாஸ்டர் சிலிண்டர், டாஷ்போர்டு எல்லாம் கூடவே மாறும். எத்தனை மாற்றம் என்று எண்ணப்போவது நீங்கள் இல்லை.

இனி ஆட்கள் விழும் பள்ளங்களுக்கு வருவோம்.

பெரிய பள்ளம் பிரிவு 120. லெஃப்ட் ஹேண்ட் வண்டியில் வேலை செய்யும் சிக்னல் கருவி இருந்தால்தான் பொது இடத்தில் ஓட்டலாம் என்று அது சொல்கிறது. இதை வாட்ஸ்அப்பில் அனுப்பி "பாருங்க, சட்டமே அனுமதிக்குது, இண்டிகேட்டர் இருந்தா போதும்" என்பார்கள். அது பிறவியிலேயே லெஃப்ட் ஹேண்டாக வந்து, அப்படியே பதிவான வண்டிக்கு. இருக்கும் வண்டியை மாற்றிக்கொள்ள அது தரும் உரிமை எதுவும் இல்லை.

அடுத்தது, "ஆர்.சி.யில் ஸ்டியரிங் எந்தப் பக்கம்னு போடவே இல்லையே, அப்புறம் எப்படித் தப்பாகும்?" என்ற வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆர்.சி.யில் அப்படித் தனி வரி கிடையாதுதான். ஆனால் அந்த மாடலுக்கு அங்கீகாரம் கொடுத்தபோது ஸ்டியரிங், பிரேக் எல்லாம் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இந்த வாதத்தை நம்பிச் செலவு செய்யாதீர்கள்.

மூன்றாவது, "முதல்ல மாத்திடுங்க, 14 நாளில் ஆபீஸில் சொல்லிட்டா சரியாயிடும்" என்பது. 14 நாளில் தெரிவிக்க வேண்டும் என்று பிரிவு 52இல் இருப்பது உண்மை. அனுமதிக்கத்தக்க மாற்றத்தைத்தான் அப்படிப் பதியலாம். தடை செய்த வேலையைச் செய்துவிட்டுப் போய்ச் சொன்னால், உங்கள் கையாலேயே வாக்குமூலம் எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும்.

நேர்மையாக விண்ணப்பம் போட்டுப் பார்க்கலாம் என்று போகிறவர்களின் கதை வேறு. வாகனப் பதிவு வேலைகளுக்கான அரசின் பரிவாகன் இணையதளத்தில் ஆல்டரேஷன் (வண்டியில் மாற்றம்) என்று ஒரு தேர்வு இருக்கிறது. தேர்வு இருப்பதால் அனுமதி கிடைக்கும் என்று நினைத்துக் கட்டணம் கட்டுகிறார்கள். கவுன்டரில் "பிரேக் இன்ஸ்பெக்டரைப் பாருங்க" என்பார்கள். மோட்டார் வாகன ஆய்வாளரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அவர் ஃபீல்டுக்குப் போயிருப்பார். கிடைத்தால், "புனே ஏ.ஆர்.ஏ.ஐ. சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க" என்பார். அது உற்பத்தியாளர்களின் மாதிரி வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு. பட்டறையில் வெல்டிங் வைத்த ஒற்றை ஜீப்போடு அங்கே போய் நின்று என்ன ஆகப்போகிறது? முடியாது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் ஆள் வீட்டுக்குப் போய் வேறு வேலையைப் பார்ப்பார். அந்த ஒரு வரியை மட்டும் யாரும் எழுதுவதில்லை. இந்த அலைச்சலில் வெறுத்துப்போன நேரம் பார்த்துத்தான் வாசலில் நிற்கும் புரோக்கர் நெருங்கி வருவார்.

புரோக்கர் செய்வது என்ன? எஃப்.சி., அதாவது வண்டியின் தகுதிச் சான்று, வாங்கித் தருவார், அவ்வளவுதான். எஃப்.சி. கையில் இருந்தால் மாற்றம் சட்டப்படி ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. சொந்த உபயோக வண்டிக்கு 15 வருடம் முடிந்தபின் ஐந்தைந்து வருடமாகத்தான் பதிவைப் புதுப்பிப்பார்கள். ஒவ்வொரு முறையும் வண்டியைக் காட்டியாக வேண்டும். இன்று கண்ணை மூடிக்கொண்ட அதிகாரி அன்றைக்கு வேறு ஊரில் இருப்பார். புதிதாக வந்தவர் பானெட்டைத் திறந்தால் வலப்பக்கச் சேஸிஸில் பழைய போல்ட் ஓட்டைகள் காலியாக நிற்கும். இடப்பக்கம் புது பிராக்கெட்டின் மேல் பளபளவென்று கறுப்பு பெயிண்ட், அதன் கீழே வெல்டிங் வரி தெரியும். பெடல் இருந்த ஓட்டையைத் தகரம் வைத்து அடைத்திருப்பார்கள். கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை.

விபத்து நடந்தால் அதே பிராக்கெட்டைத்தான் இன்சூரன்ஸ் சர்வேயரும் போட்டோ எடுப்பார். மாற்றத்தைச் சொல்லாமல் பாலிசி எடுத்திருந்தால், கிளெய்மை மறுக்கக் காரணத்தை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்துவிட்டு, அதை உங்களிடம் வசூலிக்க வரவும் கூடும். லோன் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி என்றால் ஃபைனான்ஸ்காரரோடு இன்னொரு தகராறு.

"ஆஃப் ரோடுதானே, ரோட்டுக்கே வராது" என்பவர்கள் பொது இடம் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தைப் படிக்க வேண்டும். தார் ரோடாக இருக்க வேண்டியதில்லை. பொதுமக்கள் போய்வர உரிமை உள்ள எந்த இடமும் பொது இடம்தான். ஆற்றுப் படுகைக்கு இறங்கும் பாதையும் எஸ்டேட் வழியாகப் போகும் ஊர்ப்பாதையும் அதில் வந்துவிடும். நாலு பக்கமும் வேலி போட்ட சொந்த நிலத்துக்குள் ஓட்டுவது வேறு விஷயம். அங்கேயும் வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

விண்டேஜ் பதிவு என்ற வாசலையும் சிலர் காட்டுவார்கள். 2021இல் வந்த விதி அது. 50 வயது தாண்டிய வண்டிக்கு, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் வண்டி ஒரிஜினலாக இருக்க வேண்டும். சேஸிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்த வாசல் மூடிவிடும். ஒரிஜினல் லெஃப்ட் ஹேண்ட் வில்லிஸ் உள்ளே போகும், நீங்கள் லெஃப்ட் ஹேண்டாக மாற்றியது போகாது. போனாலும் தினசரி ஓட்டத்துக்கு அனுமதி இல்லை.

ஏற்கெனவே மாற்றிய ஜீப்பை வாங்கப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஹரியானாவின் மண்டி டப்வாலி மாதிரி ஊர்களில் ஜீப்பைப் புதிதாகவே கட்டித் தருகிறார்கள். பார்க்க லட்சணமாக இருக்கும். முன்பணம் கொடுக்கும் முன் சேஸிஸில் பொறித்த எண்ணை நேரில் பார்த்து, பென்சிலால் காகிதத்தில் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி வெல்டிங்கோ கிரைண்டர் கீறலோ இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். சேஸிஸ் எண்ணோ இன்ஜின் எண்ணோ பொருந்தாவிட்டால் பிரிவு 55படி பதிவையே ரத்து செய்யலாம். பழைய ஆபீஸிலிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வந்துவிட்டது என்பது எதற்கும் உத்தரவாதம் இல்லை. நம் ஊர் ஆபீஸில் வண்டியைக் காட்டும்போதுதான் கதை தெரியும். அதற்குள் விற்றவரின் போன் ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருக்கும்.

சரி, மாற்றி முடித்தாயிற்று, இப்போது என்ன செய்வது? சாலையில் ஓட்டுவதை நிறுத்துங்கள். கழற்றிய ஸ்டியரிங் பாக்ஸையும் பெடல்களையும் பட்டறையிலிருந்து வாங்கி வையுங்கள், பழைய இரும்புக்குப் போட விடாதீர்கள். திரும்ப ரைட் ஹேண்டாக மாற்றும் வேலைக்குப் பில் வாங்குங்கள். அதற்குப் பிறகு எஃப்.சி.க்குப் போங்கள்.

ஆபீஸ் எதைச் சொன்னாலும் எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பத்தை நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள், தர மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பதிலே வராவிட்டால் 10 ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் "என் விண்ணப்பத்தின் நிலை என்ன, யாரிடம் உள்ளது?" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மறுத்து உத்தரவு வந்தால் பிரிவு 57படி மேல்முறையீடு உண்டு. அதற்கும் 30 நாள்தான், உத்தரவு உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து கணக்கு. அதனால் அந்தத் தபால் உறையைத் தூக்கிப் போடாமல், உத்தரவோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.