தூக்கிவாரிப் போட எவ்வளவு செலவாகும்?

அமெரிக்க இயக்குநர் ஜான் கார்பென்டர் தன்னுடைய ‘ஹாலோவீன்’ (1978) படத்தை, பின்னணி இசை சேர்ப்பதற்கு முன்பே ஒரு பெரிய ஸ்டுடியோவின் பெண் அதிகாரிக்குப் போட்டுக் காட்டினார். அவருக்குத் துளிகூடப் பயம் வரவில்லை. படத்தை இசைதான் காப்பாற்ற வேண்டும் என்று முடிவெடுத்த கார்பென்டர், வேறு ஆள் வைக்கக் காசில்லாமல் தானே உட்கார்ந்து சில நாட்களில் இசையமைத்து முடித்தார். சில மாதம் கழித்து அந்த அதிகாரியைச் சந்தித்தபோது அவருக்கும் படம் பிடித்துப் போயிருந்ததாம். இடையில் சேர்ந்தது இசை மட்டும்தான்.

ஒரு கொலைகாரன் இளவட்டங்களை ஒவ்வொருவராகக் கத்தியால் தீர்த்துக்கட்டும் ‘ஸ்லாஷர்’ ரகப் படம் அது. செலவு சுமார் 3 லட்சம் டாலர், உலக வசூல் சுமார் 7 கோடி டாலர். இத்தனைக்கும் படத்தில் ரத்தம் மிகக் குறைவு. பயமுறுத்தும் வேலையைப் பெரும்பாலும் பார்வையாளரின் மூளையே இலவசமாகச் செய்து கொடுத்துவிடுகிறது.

திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறதே, அதில் யோசனைக்கு இடமே இல்லை. காதில் விழுந்த ஒலி, மூளைத்தண்டில் ஓரிரு நரம்புச் சந்திப்புகளைத் தாண்டி, நேராகத் தசைகளுக்குக் கட்டளையாகப் போய்விடுகிறது. சத்தம் எழுந்து ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு கடப்பதற்குள் இமைகள் மூடத் தொடங்கிவிடும். பின்னணியில் யார் வந்தார்கள், பூனையா கொலைகாரனா என்பதெல்லாம் மூளைக்குப் பிறகுதான் தெரியவரும். ஒலி படிப்படியாக ஏறினால் இது நடக்காது. சட்டென்று வெடிக்க வேண்டும். அதற்கென்றே கார்பென்டர் சின்தசைசரில் குறுகிய, கூர்மையான ஒலிகளைச் செய்து வைத்திருந்தார். மாட்டை முடுக்கும் தார்க்குச்சி என்பதுதான் அதற்கு அவர் வைத்த பெயர்.

ஆனால் வெறும் சத்தம் போட்டால் ஆள் துள்ளுவான், அவ்வளவுதான். துள்ளலின் அளவை ஏற்றியிறக்கும் திருகு மூளையின் அமிக்டலா என்னும் பகுதியில் இருக்கிறது. ஆபத்து வரப்போகிறது என்று ஏற்கெனவே எதிர்பார்த்துக் காத்திருப்பவருக்கு அதே சத்தம் இன்னும் பலமாக உறைக்கும் என்பதை மைக்கேல் டேவிஸ் போன்ற நரம்பியலாளர்கள் ஆய்வகத்தில் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். இருட்டும் திருகை ஏற்றும். 1997-இல் வந்த ஒரு ஆய்வில், இருட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் வெளிச்சத்தில் இருந்தவர்களைவிட அதிகமாகத் திடுக்கிட்டார்கள். இரவில் நடமாடும் எலிகளுக்கு இது தலைகீழ். அவற்றுக்கு வெளிச்சம்தான் உதறல். எலிகளுக்கு ஸ்லாஷர் எடுப்பதாக இருந்தால் பட்டப்பகலில் எடுக்க வேண்டும்.

எதிர்பார்ப்பை ஏற்றி வைக்கும் வேலையைப் பியானோ பார்த்துக்கொள்கிறது. அந்தப் புகழ்பெற்ற மெட்டு ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் ஓடுகிறது. சொற்கட்டாகச் சொன்னால் ‘தகிட தகிட தக தக’, மறுபடி ‘தகிட தகிட தக தக’. சிறுவயதில் அப்பா போங்கோ மேளத்தில் சொல்லிக் கொடுத்த தாளம் அது என்கிறார் கார்பென்டர். கண்ட நடையில் ஊறிய நம் காதுக்கு இது ஒன்றும் புதிதல்ல. நாலு எண்ணிக்கையிலேயே வளர்ந்த ஒரு பாப் ரசிகருக்கோ, சுற்று முடிந்தது என்று நினைக்கும் இடத்தில் முடியாமல் ஒவ்வொரு முறையும் கால் இடறும். இதற்காகத் தாளம் புரிய வேண்டும் என்றுகூட இல்லை. ஏதோ சரியில்லை என்று பட்டால் போதும்.

அலறலும் அப்படித்தான். குரல்வளையைத் தாங்குமளவுக்கு மேல் முறுக்கும்போது ஒலி கரகரத்து உடைகிறது. மார்மட் என்ற மலை அணில்களின் அபாயக் குரலை ஆராய்ந்த டேனியல் புளூம்ஸ்டைன், பிறகு 102 திரைப்படங்களின் ஒலித்தடங்களைப் புரட்டிப் பார்த்தார். திகில் படங்களில் இந்தக் கரகரப்பு வேண்டுமென்றே கூட்டப்பட்டிருந்தது.

கண்ணுக்கு வைத்த பொறி இன்னும் மலிவு. கடையில் இரண்டு டாலருக்கும் குறைவாக வாங்கிய, ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடரின் கேப்டன் கிர்க்கின் ரப்பர் முகமூடிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, கண் துளைகளைப் பெரிதாக்கிக் கொலைகாரனுக்கு மாட்டினார்கள். எதிரில் முகம் ஒன்று வந்தால் கோபமா சிரிப்பா என்று படித்துவிட மூளை துடிக்கும். இந்த முகத்தில் படிக்க எதுவும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது, ஒளிப்பதிவாளர் டீன் கண்டி செய்த வேலை. கதாநாயகி கதவோரம் அழுதுகொண்டு நிற்கிறாள், பின்னால் அறை கும்மிருட்டு. அந்த இருட்டில் டிம்மர் வைத்து ஒரு சிறு விளக்கை மெல்ல மெல்ல ஏற்றுகிறார்கள். வெள்ளை முகம் எப்போது தெரிய ஆரம்பித்தது என்று சொல்லவே முடியாது. நாம் கண்டுகொள்ளும்போது அது வந்து வெகுநேரமாகியிருக்கும்.

சரி, கதைக்கு எதற்கு ஹாலோவீன் பண்டிகை? அக்டோபர் 31 இரவு அமெரிக்காவில் முகமூடி போட்டவர் தெருவில் போனால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், அறிமுகமில்லாதவர் கதவைத் தட்டினாலும் திறப்பார்கள். கதையின் பெரும்பகுதி ஒரே நாளில் முடிவதால் உடைச் செலவும் குறைவு. படப்பிடிப்பு நடந்ததோ வசந்த காலத்தில், கலிபோர்னியாவின் சவுத் பாசடீனாவில். அதனால் சாயம் பூசிய இலைகளைத் தெருவில் கொட்டி, காட்சி முடிந்ததும் கூட்டி அள்ளி, அடுத்த காட்சிக்கு மறுபடி கொட்டினார்கள்.

வசூலைப் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? புத்தாண்டு, காதலர் தினம், அன்னையர் தினம் என்று நாட்காட்டியில் ஒரு நாளையும் விடவில்லை. 1984-இல் கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில் கொலைகாரனைக் காட்டிய ஒரு படம், பெற்றோர்களின் எதிர்ப்பால் சீக்கிரமே தியேட்டரிலிருந்து தூக்கப்பட்டது. இவற்றில் பெரும்பாலானவை சலிப்பூட்டுவதற்கும் நரம்பியலில் காரணம் உண்டு. அடுத்தடுத்துத் திடுக்கிட வைத்தால் அந்த அனிச்சைச் செயல் மழுங்கிவிடும். சற்று ஓய்வு கொடுத்தால்தான் கூர் திரும்பும். ‘ஃபிரைடே தி தர்டீன்த்’ (1980) இதைத் தெரிந்துவைத்திருந்தது. எல்லாம் முடிந்த பிறகு, விடியற்காலை ஏரியில் ஒரு படகு. ஹாரி மான்ஃபிரெடினியின் இசை தாலாட்டுப் போல இழைகிறது. படம் முடிந்துவிட்டது என்று கூட்டம் எழுந்திருக்கத் தயாராகும் நேரம் பார்த்துத்தான் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஏரியில் மூழ்கிப்போன சிறுவன் பாய்ந்து வருகிறான்.